கப்பல் ஏன் கவிழ்கிறது?

1915ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் காலை, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆற்றுத் துறையில் கட்டப்பட்டிருந்த ‘ஈஸ்ட்லேண்ட்’ என்ற பயணிகள் கப்பலில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமாக 2,500 பேருக்கு மேல் உல்லாசப் பயணத்திற்காக ஏறியிருந்தனர். புயல் இல்லை, அலை இல்லை, மோதுவதற்குப் பாறையும் இல்லை. கப்பல் இன்னும் துறையை விட்டு நகரவே இல்லை. அது முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமுமாகச் சாயத் தொடங்கியது. எந்திர அறையில் இருந்தவர்கள் அடித்தொட்டிகளின் நீரைக் கூட்டியும் குறைத்தும் அதை நேராக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஏழரை மணியளவில் கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து, ஆற்றில் படுத்துவிட்டது. அந்த இடத்தில் ஆற்றின் ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். கரையோ கைக்கெட்டும் தூரம். ஆயினும் 844 பேர் இறந்தனர்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. அதில் உயிர்காக்கும் படகுகள் போதவில்லை என்பதால், எல்லாக் கப்பல்களிலும் படகுகளைப் பெருக்க வேண்டும் என்ற சட்டம் 1915-இல் அமெரிக்காவில் வந்தது. ஈஸ்ட்லேண்டின் மேல்தளத்திலும் புதிதாகப் படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டன. ஏற்கெனவே மேல்பாரம் மிகுந்தது என்று பெயர் வாங்கியிருந்த கப்பலின் உச்சியில் இன்னும் சில டன் எடை சேர்ந்தது.

கடல் விபத்து என்றவுடன் நம் மனத்தில் எழுவது சூறாவளியும் பனிப்பாறையும்தான். ஆனால் கடல் விபத்துகளின் வரலாற்றைப் புரட்டினால், அமைதியான நீரில், கரையோரத்தில், சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்த பேரழிவுகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் பலவற்றிற்குப் பின்னால் இருப்பது ஒரே கருத்து. கப்பற்கலையில் அதை நிலைத்தன்மை என்பார்கள். கணக்கு அதிகம் இல்லாமலேயே அதைப் புரிந்துகொள்ளலாம்.

மிதப்பு வேறு, நிலைத்தன்மை வேறு

ஒரு கப்பல் மிதப்பதற்கு வேண்டியது, ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை அது இடம்பெயர்ப்பதுதான். ஐம்பதாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பலும் ஐம்பதாயிரம் டன் நீரை ஒதுக்கும் அளவுக்கு உடல் அகன்று இருந்தால் மிதக்கும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்த செய்தி. மிதக்கும் பொருள் நிமிர்ந்தும் மிதக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் விதியில் எங்கும் இல்லை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தலைகீழாகக் கவிழ்ந்த கப்பலும் சிறிது நேரம் மிதக்கவே செய்யும். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கப்பலின் மீது எப்போதும் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. கப்பலின் உடல், எந்திரம், சரக்கு, எரிபொருள், மனிதர்கள் ஆகிய எல்லாவற்றின் எடையும் ஒரு புள்ளியின் வழியே கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் கப்பலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த மிதப்பு விசை, நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதியின் நடுப்புள்ளி வழியே செல்கிறது. அது மிதப்பு மையம். கப்பல் நேராக நிற்கும்போது இந்த இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்.

இப்போது காற்று அடித்துக் கப்பல் வலப்பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு இடம் மாறாதவரை ஈர்ப்பு மையம் கப்பலுக்குள் அதே இடத்தில்தான் இருக்கும். மிதப்பு மையம் அப்படி இருக்காது. வலப்பக்கம் அதிகமாக நீருக்குள் இறங்கி, இடப்பக்கம் மேலே எழும்புவதால், அமிழ்ந்திருக்கும் பகுதியின் வடிவமே மாறி, அதன் நடுப்புள்ளி வலப்பக்கமாக நகர்ந்துவிடும். தாழ்ந்த பக்கத்தில் நின்று நீர் மேலே தள்ளுகிறது; நடுவில் நின்று எடை கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்துகின்றன. கப்பல் தானாக நிமிர்வதன் இரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாய்ந்த நிலையில், புதிய மிதப்பு மையத்திலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி ஒரு கோடு வரைந்தால், அது கப்பலின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். 1746-இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும். மேலே ஏறிவிட்டால், நிமிர்த்த வேண்டிய அதே இரண்டு விசைகளும் கப்பலை மேலும் சாய்க்கும். ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையிலுள்ள உயரம்தான் கப்பலின் பாதுகாப்புக்குக் கைவசம் இருக்கும் முதல். இன்றைய பன்னாட்டு விதிகள் பொதுவாகச் சரக்குக் கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் அது 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. பல நூறு அடி நீளமுள்ள ஒரு கப்பலின் தலைவிதி சில சென்டிமீட்டர்களில் தொங்குவதை நினைத்தால் முதலில் திகைப்பாகத்தான் இருக்கும்.

ஈர்ப்பு மையம் நீர்மட்டத்துக்கு மேலே போனாலே கப்பல் கவிழ்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான கப்பல்களில் ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கிறது. சிலவற்றில் நீர்மட்டத்துக்கும் மேலே இருக்கிறது. கப்பலின் அகலம் மெட்டாசென்டரை உயர்த்திவிடுவதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. மாடிமேல் மாடியாக எழும்பி நிற்கும் இன்றைய சுற்றுலாக் கப்பல்கள் பார்வைக்குக் கவிழ்ந்துவிடும் போலத் தோன்றினாலும் கவிழாமல் இருப்பது, அவை மிகவும் அகலமாக இருப்பதாலும், மேல்மாடிகள் இலேசான உலோகத்தால் கட்டப்படுவதாலும், கனமான எந்திரங்களும் தொட்டிகளும் அடியில் இருப்பதாலும்தான்.

வாசா: ஓடிப் பார்த்த முப்பது பேர்

பூகேர் தம் கணக்கை எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, 1628 ஆகஸ்ட் 10 அன்று, சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ‘வாசா’ என்ற போர்க்கப்பல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் ஆணையிட்டுக் கட்டுவித்த அக்கப்பலில் இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், பின்புறம் முழுவதும் வண்ணம் தீட்டிய மரச்சிற்பங்கள். கரையில் மக்கள் கூடி நின்றனர். விடைபெறும் மரியாதைக்காகப் பீரங்கிகள் முழங்கியதால் அவற்றின் சாளரங்கள் திறந்தே இருந்தன. மெல்லிய காற்று ஒன்று வீசியது. கப்பல் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தது. இரண்டாம் முறை வீசியபோது சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. கீழ்த்தளத்துப் பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் மட்டுமே சென்றிருந்த கப்பல், துறைமுகத்துக்குள்ளேயே 32 மீட்டர் ஆழத்தில் இறங்கிவிட்டது. சுமார் 30 பேர் இறந்தனர்.

அன்று கப்பல் கட்டுவோரிடம் நிலைத்தன்மையைக் கணக்கிடும் வழி எதுவும் இல்லை. முன்பு கட்டிய கப்பல்களின் அளவுகளை வைத்து, கைப்பழக்கத்தில் கட்டினார்கள். ஒற்றைப் பீரங்கித் தளத்தில் பழகிய கைகளுக்கு, இரண்டு தளங்களில் கனமான பீரங்கிகளை அடுக்குவது புதிய வேலை. தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் ஹாலந்திலிருந்து வந்தவர். கட்டுமானம் முடிவதற்கு முன்பே 1627-இல் இறந்துபோனார். தளங்களின் பலகைகளும் விட்டங்களும் வேண்டிய அளவுக்கு மேல் கனமாக அமைந்து, மேல் உடலே பாரமாகிவிட்டது.

நிலைத்தன்மையைக் கூட்டுவதற்கு அக்காலத்தில் இருந்த ஒரே வழி, கப்பலின் அடியில் கற்களைக் கொட்டுவது. இதை அடிப்பாரம் என்பர். இன்று கற்களுக்குப் பதிலாகத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புகிறார்கள். வாசாவில் சுமார் 120 டன் கற்கள் இருந்தன. இன்னும் கொட்டியிருக்கலாமே என்று தோன்றும். கொட்டினால் கப்பல் மேலும் அமிழ்ந்து, கீழ்த்தளத்துப் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். பாரத்தைக் கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து என்ற நிலையில்தான் அது கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, கப்பல் ஆபத்தானது என்பது புறப்படும் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். துறையில் நின்றபோதே மாலுமிகளின் மேற்பார்வையாளர் முப்பது பேரைத் தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒன்றாக ஓடச் செய்தார். ஓட ஓடக் கப்பலின் ஆட்டம் கூடிக்கொண்டே போனது. மூன்று முறை ஓடியதும், அங்கேயே கப்பல் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சித் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்திவிட்டார். ஆனால் பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. மன்னர் போலந்துப் போர்க்களத்திலிருந்து கப்பலை அனுப்பச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பின்னர் நடந்த விசாரணையில், கப்பலின் அளவுகளுக்கு மன்னரே ஒப்புதல் அளித்திருந்தார் என்பதும் தச்சர் இறந்துவிட்டார் என்பதும் வெளிவந்தன. எவரும் தண்டிக்கப்படவில்லை. 1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் கப்பல் கிடந்த இடத்தைக் கண்டுபிடிக்க, 1961 ஏப்ரலில் அது மேலே எடுக்கப்பட்டது. இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது.

மெதுவாக ஆடும் கப்பல்

கப்பலின் நிலைத்தன்மை, உள்ளே இருப்பவர்களின் உடலுக்கே ஓரளவு தெரியும். நிமிர்த்தும் விசை வலுவாக உள்ள கப்பல், சாய்ந்தவுடன் வெடுக்கென்று திரும்பும். பயணிகளுக்குக் குமட்டும், சாமான்கள் உருளும். விசை குறைவான கப்பல் சோம்பலாகச் சாய்ந்து, சற்று நின்று, நிதானமாகத் திரும்பும். பயணிகளுக்கு அது இதமாக இருக்கும். பழகிய மாலுமிகள் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான். சாய்ந்த கப்பல் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு திரும்பினால், ஈர்ப்பு மையம் எங்கோ உயர்ந்துவிட்டது என்று பொருள். பயணிகளின் வசதிக்கும் பாதுகாப்புக்கும் இடையே வடிவமைப்பாளர் ஓர் இடைநிலையைப் பிடித்தாக வேண்டியிருப்பது இதனால்தான்.

சிறு சாய்வில் நன்றாக நிமிரும் கப்பல் பெரிய சாய்விலும் நிமிரும் என்று சொல்ல முடியாது. இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது பிரிட்டிஷ் கடற்படை. கௌப்பர் கோல்ஸ் என்ற அதிகாரி, சுழலும் பீரங்கிக் கூண்டுகளைக் கொண்ட ‘கேப்டன்’ என்ற போர்க்கப்பலை வடிவமைத்தார். கூண்டுகள் தடையின்றிச் சுடுவதற்காக மேல்தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் வைக்கப்பட்டது, 2.4 மீட்டர் உயரம் என்று திட்டமிட்டது, கட்டும்போது எடை கூடியதால் ஏறத்தாழ 2 மீட்டராகக் குறைந்தது. அதே கப்பலில் உயர்ந்த பாய்மரங்களும் முழுப் பாய்களும் இருந்தன. கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் செய்தித்தாள்களும் நாடாளுமன்றமும் கோல்ஸ் பக்கம் நின்றன.

சாயும் கப்பலின் மேல்தள விளிம்பு நீருக்கு மேலே இருக்கும்வரை, சாயச் சாய நிமிர்த்தும் விசை கூடிக்கொண்டே போகும். விளிம்பு நீருக்குள் போய்விட்டால், தாழ்ந்த பக்கத்தில் மேலும் அமிழ்வதற்கு உடலே இல்லை. மிதப்பு மையம் நகர்வது குறைந்து, நிமிர்த்தும் விசை தளரத் தொடங்கும். ‘கேப்டன்’ கப்பலில் அது வெறும் 21 பாகைச் சாய்விலேயே உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கியது. உயர்ந்த பக்கங்களைக் கொண்ட ‘மோனார்க்’ என்ற போர்க்கப்பலில் அந்த உச்சம் ஏறத்தாழ 40 பாகை. 1870 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலை, ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் இரண்டு கப்பல்களும் ஒரே அணியில், ஒரே காற்றில் இருந்தன. ‘மோனார்க்’ அந்த இரவைக் கடந்தது. ‘கேப்டன்’ கவிழ்ந்து, 470-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 18 பேர் பிழைத்தனர். கோல்ஸும் இறந்தவர்களில் ஒருவர். நிலைத்தன்மையைச் சாய்வின் ஒவ்வொரு பாகைக்கும் கணக்கிட்டு வளைகோடாக வரைந்து பார்ப்பது இதன் பிறகுதான் கப்பல் கட்டுமானத்தில் வலுவாக வேரூன்றியது.

தளும்பும் நீர்

இதுவரை ஈர்ப்பு மையம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதாகவே வைத்துக்கொண்டோம். கப்பலுக்குள் நகரக்கூடிய எடை இருந்தால் கதை மாறிவிடும். அப்படிப்பட்ட எடைகளிலேயே கொடியது தண்ணீர்.

ஒரு சொம்பு நீரைத் தளும்பாமல் எடுத்துச் செல்ல எல்லாராலும் முடியும். அதே நீரை ஆரத்தித் தட்டில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு நடப்பவருக்குத்தான் அதன் பாடு தெரியும். தட்டு சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கப்பலின் அகன்ற தளத்தில் நிற்கும் நீரும் அதையேதான் செய்கிறது. நீரின் ஆழத்தைவிட அது பரவியிருக்கும் அகலமே இங்கு முக்கியம். தீங்கு அகலத்தின் மூன்றாம் படியாகப் பெருகுகிறது, அதாவது அகலம் இரு மடங்கானால் தீங்கு எட்டு மடங்காகும். ஆகவே ஒரு தொட்டியின் நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்புச் சுவர் வைத்தால், தீங்கு பாதியாக அன்றிக் கால்பங்காகவே குறைந்துவிடும். கப்பலின் எரிபொருள் தொட்டிகளையும் நீர்த்தொட்டிகளையும் ஒன்று முழுதாக நிரப்புவதோ முழுதாகக் காலி செய்வதோ நல்லது, அரைகுறையாக வைக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லப்படுவதும் இதனால்தான்.

1942 பிப்ரவரி 9 அன்று, நியூயார்க் துறையில் ‘நார்மண்டி’ என்ற பிரம்மாண்டமான பிரெஞ்சுப் பயணிகள் கப்பல், படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, உலோகம் வெட்டும் கருவியின் தீப்பொறி பட்டுத் தீப்பிடித்தது. தீயணைப்புப் படகுகள் மணிக்கணக்கில் மேல்தளங்களின் மீது நீரைப் பாய்ச்சின. அந்த நீர் வடிய வழியின்றி மேலேயே தேங்கியது. கப்பலின் வடிவமைப்பாளர் விளாடிமிர் யூர்கெவிச் அப்போது நியூயார்க்கில் இருந்தார். துறைக்கு ஓடிவந்து, அடிப்பகுதியின் வால்வுகளைத் திறந்து கப்பலை அப்படியே ஆழமற்ற தரையில் நேராக உட்காரவைத்துவிடலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. தீ அணைந்தது, நள்ளிரவு கடந்து கப்பல் கவிழ்ந்தது. காப்பாற்றுவதற்காகக் கப்பலை மூழ்கடிப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும், அடியில் சேரும் நீர் எடையைத் தாழ்த்தும், மேலே சேரும் நீர் உயர்த்தும் என்று தெரிந்தவருக்கு அது எளிய கணக்கு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. 2006 பிப்ரவரியில் செங்கடலில், சவூதி அரேபியாவின் துபா துறையிலிருந்து எகிப்தின் சஃபாகாவுக்குச் சென்ற ‘அல்-சலாம் பொக்காச்சியோ 98’ கப்பலில் தீயை அணைக்க அடித்த நீர் வாகனத் தளத்திலேயே தேங்கிக் கப்பல் கவிழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வாகனத் தளம் என்பது இந்த இயலில் தனியாகப் பேசப்பட வேண்டியது. லாரிகளும் கார்களும் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் கப்பல்களில், அந்தத் தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடுப்பே இல்லாத ஒற்றைக் கூடமாக இருக்கும். வண்டிகளுக்கு வசதி; உள்ளே நுழையும் நீருக்கும் அதே வசதி.

1987 மார்ச் 6ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறையிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கப்பலின் முன்கதவுகள் மூடப்படவே இல்லை. அவற்றை மூட வேண்டிய ஊழியர் தம் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூடப்பட்டதை உறுதிசெய்ய வேண்டிய அதிகாரி, அவர் வந்துவிட்டார் என்று நினைத்து மேலே போய்விட்டார். கப்பல் தலைவர் நின்ற இடத்திலிருந்து கதவுகள் தெரியாது. அங்கே ஓர் அறிவிப்பு விளக்கு வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தும் நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தத் துறையின் சாய்பாலம் மேல் வாகனத் தளத்துக்கு எட்டாது என்பதால், கப்பலின் முன்பகுதித் தொட்டிகளில் நீர் நிரப்பி முகப்பைத் தாழ்த்தியிருந்தார்கள். அந்த நீர் முழுவதும் வெளியேற்றப்படும் முன்பே கப்பல் புறப்பட்டுவிட்டது. துறைமுகத்தைத் தாண்டி வேகமெடுத்ததும் முகப்பில் எழுந்த அலை திறந்த வாய்க்குள் நேராகப் பாய்ந்தது. சில நிமிடங்களுக்குள் கப்பல் இடப்பக்கமாகச் சரிந்தது. மணல்திட்டு ஒன்றின் மீது விழுந்ததால் பாதி உடல் நீருக்கு மேலே நின்றது. இல்லாவிட்டால் இறந்த 193 பேரோடு இன்னும் எத்தனையோ பேர் சேர்ந்திருப்பார்கள்.

1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குச் சென்ற ‘எஸ்டோனியா’வில் கதவை யாரும் மறக்கவில்லை, புயலலைகள் முகப்பு மூடியின் பூட்டுகளை உடைத்தன. அதன் பிறகு நடந்தது ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கி, 852 பேர் இறந்தனர். இதையடுத்து வட ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்பாடு, இத்தகைய கப்பல்கள் சேதமடைந்த நிலையில் வாகனத் தளத்தில் 50 சென்டிமீட்டர் வரை நீர் நின்றாலும் தாங்க வேண்டும் என்று விதித்தது.

நகரும் சரக்கு

நீரைப் போலவே சரக்கும் நகரும். தென்கொரியாவின் இன்ச்சியோனிலிருந்து ஜேஜு தீவுக்குச் சென்ற ‘செவோல்’ கப்பல் 2014 ஏப்ரல் 16 அன்று ஒரு திருப்பத்தில் சாய்ந்து கவிழ்ந்ததில் 304 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள். பழைய கப்பலை ஜப்பானிலிருந்து வாங்கி, மேலே கூடுதல் அறைகளைக் கட்டியிருந்தார்கள். அனுமதி 987 டன் சரக்குக்கு. ஏற்றியதோ 2,000 டன்னுக்கும் மேல். அவ்வளவு ஏற்றினால் கப்பல் அமிழ்ந்து, எதுவரை அமிழலாம் என்று பக்கவாட்டில் குறித்திருக்கும் சுமைக்கோடு நீருக்குள் மறைந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே அடித்தொட்டிகளின் நீரைக் குறைத்தார்கள். கோடு வெளியே தெரிந்தது. கப்பல் விதிக்கு உட்பட்டதாகத் தோன்றியது. அடியில் இருக்க வேண்டிய எடை மேலே போய்விட்டதை அந்தக் கோடு எப்படிச் சொல்லும்? மொத்த எடை எவ்வளவு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கப்பல் சாய்ந்தபோது, சரியாகக் கட்டப்படாத பெட்டிகளும் வண்டிகளும் தாழ்ந்த பக்கத்துக்குச் சரிந்தன. மாணவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லி ஒலிபெருக்கி திரும்பத் திரும்ப அறிவித்தது. நிலைத்தன்மையை இழந்த கப்பலில் காத்திருப்பதற்கு நேரமே இல்லை என்பதை அறிய வேண்டியவர்கள் அறியாததை, அல்லது அறிந்தும் சொல்லாததை, மன்னிப்பது கடினம்.

மனிதர்களும் நகரும் சரக்குதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்த ஈரடுக்குச் சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தனர். அவர்களில் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. மேல்மாடியில் நிற்பவர் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறார். பக்கவாட்டில் ஓடுபவர் அதை நகர்த்தவும் செய்கிறார். சிறிய படகில் இரண்டும் ஒன்றாக நடந்தால் தப்புவது அரிது.

பார்ப்பதற்குத் திடமாகத் தோன்றும் சரக்கே திரவமாக மாறுவதும் உண்டு. இரும்புத்தாதுத் தூள், நிக்கல் தாது, பாக்சைட் போன்றவை மழையில் நனைந்து, ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எந்திரத்தின் அதிர்வாலும் அலையின் குலுக்கலாலும் துகள்களுக்கு இடையே உள்ள நீர் அழுத்தம் பெற்று, சரக்கறையில் குவித்த மலை திடீரென்று சேறாக ஓடத் தொடங்கும். 2009-இல் மழைக்காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து இரும்புத்தாதுத் தூளை ஏற்றிய இரண்டு கப்பல்கள், ஜூலையில் மங்களூருக்கு அப்பால் ‘ஏஷியன் ஃபாரஸ்ட்’, செப்டம்பரில் பாரதீப் அருகே ‘பிளாக் ரோஸ்’, இரண்டு மாத இடைவெளியில் மூழ்கின. 2015 ஜனவரி 2 அன்று வியட்நாம் கடலில் மூழ்கிய ‘பல்க் ஜுப்பிட்டர்’ மலேசியாவில் பாக்சைட் ஏற்றிய கப்பல். 19 மாலுமிகளில் ஒருவரே பிழைத்தார்.

சாய்வு கொல்வது எப்படி

கப்பல் மூழ்குவதைவிடச் சாய்வது ஏன் கொடியது என்று கேட்கலாம். டைட்டானிக் 2 மணி 40 நிமிடம் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் அதிகம் சாயாமல், முகப்பு வழியாக அமிழ்ந்தது. அதனால் இருந்த 20 படகுகளில் 18-ஐ இரு பக்கமும் முறையாக இறக்க முடிந்தது. படகுகளே குறைவு என்பது வேறு குறை. 1915 மே 7 அன்று நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட ‘லூசிடானியா’வில் டைட்டானிக்கிலிருந்து கற்ற பாடப்படி 48 படகுகள் இருந்தன. ஆனால் கப்பல் உடனே ஒரு பக்கம் சாய்ந்தது. உயர்ந்த பக்கத்துப் படகுகள் கப்பலின் உடல்மீதே சாய்ந்து கிடந்தன. தாழ்ந்த பக்கத்துப் படகுகள் எட்டாத தூரத்தில் தொங்கின. 18 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. பத்திரமாக இறங்கியவை ஆறு படகுகள். ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். கப்பல் சாய்ந்தபின் தரை சுவராகிறது, கதவு தலைக்குமேலே போகிறது, நடைபாதை கிணறாகிறது. இளைஞர்களுக்கே ஏறுவது கடினம், முதியவர்களையும் குழந்தைகளையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சாய்வு மெல்ல நடந்தால் உயிர்கள் தப்பும். 2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற ‘எம்எஸ்சி எல்சா 3’ என்ற சரக்குப்பெட்டிக் கப்பல் 26 பாகை சாய்ந்தது, மறுநாள்தான் மூழ்கியது. அந்த இடைவெளியில் 24 மாலுமிகளும் மீட்கப்பட்டனர். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் பின்னர் கேரளக் கடற்கரையோடு கன்னியாகுமரி வரையும் ஒதுங்கின.

வாசாவில் முப்பது பேர் ஓடிப் பார்த்த சோதனை, ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவத்தில் இன்றும் நடக்கிறது. புதிய கப்பல் கட்டி முடிந்ததும், அமைதியான நீரில், எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை நடுவிலிருந்து பக்கவாட்டில் குறிப்பிட்ட தூரம் நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்பதை நீண்ட ஊசற்குண்டுகளால் அளப்பார்கள். அதிலிருந்து காலிக் கப்பலின் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். பின்னர் ஒவ்வொரு துறையிலும் ஏற்றிய சரக்கு, எரிபொருள், அடித்தொட்டி நீர் ஆகியவற்றைக் கணினியில் உள்ளிட்டு, புறப்படும் முன் முதன்மை அதிகாரி நிலைத்தன்மையைச் சரிபார்க்கிறார்.

கணினிக்குக் கொடுக்கும் எடை உண்மையாக இருந்தால்தான் விடை உண்மையாகும். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் உடல் பிளந்து கரையேற்றப்பட்ட ‘எம்எஸ்சி நெப்போலி’ கப்பலின் மேல்தளத்துப் பெட்டிகளை எடைபோட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெட்டி அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வேறுபட்டது. ஏற்றுமதியாளர் தாளில் எழுதித் தரும் எண்ணை நம்பியே அதுவரை கப்பல்கள் ஏற்றப்பட்டன. 2016 ஜூலை 1 முதல், எடைபோட்டுச் சரிபார்க்கப்பட்ட சான்று இல்லாத எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டு விதி.